வெளிப்பெட்டிக்கு நான் கட்டிய கூடு

1

நேற்றுப் பின்னேரம் ஜெர்மனியில் இருந்து ஜெயசீலன் தொலைபேசி எடுத்தார். லண்டனில் குளிர் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் பார்த்தாராம். எங்கள் வீட்டுப் பின்னறையைச் சூடாக்க அவர் பூட்டித் தந்த ஹீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். பிறகு இன்னொரு கேள்வியும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்வி இன்று காலை வரை நெஞ்சுக்குள் நின்று குடைகிறது. அது என்னவென்று எழுதுவதற்கு முன், போன குளிர்காலத்தில் நான் செய்த வேலையை எழுதியாக வேண்டும்.

வீடு கிங்ஸ்பரியில். பின்பக்கம் நீட்டிக் கட்டிய அறையில் என் மனைவி புனிதா சாறி பிளவுஸ் தைக்கிறாள். அந்த அறைக்கு வீட்டு ஹீட்டிங் போகாது. அளவு பார்க்க வரும் பெண்கள் நின்று நடுங்குவார்கள். "அக்கா, நீங்கள் ஊசி குத்த முதலே எனக்கு மயிர்க்கூச்செறியுது" என்று ஒருத்தி சிரித்தாள். அடுத்த மாதமே வெம்பிளியில் வேறொரு தையற்காரியிடம் போய்விட்டாள். அதனால்தான் போன வருடம், 2008 இலையுதிர் காலத்தில், ஹீட் பம்ப் பூட்ட ஜெயசீலனைக் கூப்பிட்டோம்.

2

என் சந்தேகம் பிறவியில் வந்ததல்ல. நான் அதைப் படித்துத் தேறியவன்.

பதினாறு வருடமாகப் பெட்ரோல் நிலையத்தில் காசாளர் வேலை. இருபது பவுண் தாள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நீட்டியவர் பாதிரியாராக இருந்தாலும் பார்ப்பேன். கார் வந்து நின்றதும் அதன் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவிடுவேன், பெட்ரோலை நிரப்பிக்கொண்டு ஓடினால் பிடிக்க வேண்டுமே. ஓடாதவர்களின் இலக்கங்களும் அந்தக் கொப்பிகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

அதற்கு முதல் அகதி விண்ணப்பம். அப்பா யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கூல் பார் வைத்திருந்தார். அந்தக் கடை வாசல் வீதிக்கு எந்தப் பக்கம் என்று நேர்காணல் அதிகாரி கேட்டார். இடது என்றேன். சில மாதம் கழித்து இன்னொருவர் அதையே கேட்டார். வலது என்றேன். பஸ் நிலையப் பக்கமாக வந்தால் இடது, சந்தைப் பக்கமாக வந்தால் வலது. எந்தப் பக்கமாக வருகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. 'நம்பத்தகுந்தவர் அல்ல' என்று ஒரு கடிதம் வந்தது. அதைத் திருப்ப நாலு வருடம் எடுத்தது. என் வழக்கறிஞர் பெண்மணி சொன்னார்: எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஒரு துண்டுக் கடதாசியையும் எறிய வேண்டாம். அன்று தொடங்கிய பழக்கம். அலுமாரியில் பதினொரு ஃபைல் இருக்கிறது.

கூல் பாரில் இன்னொன்றும் படித்தேன். ஐஸ்கிரீம் பெட்டியின் உள்சுவரில் ஐஸ் வளர்ந்துகொண்டே போகும். விரற்கடை தடிப்பு வந்ததும் பெட்டி சரியாகக் குளிராது. வெள்ளிக்கிழமைகளில் அப்பா மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே ஒரு சட்டி சுடுதண்ணீர் வைத்து மூடிவிடுவார். ஐஸ் பொலுபொலுவென்று கழன்று விழும். குளிர்ப்பெட்டியில் ஐஸ் வளரும் என்பது எனக்கு எட்டு வயதில் தெரியும். ஆனால் அறையைச் சூடாக்க வாங்கிய பெட்டியில் ஐஸ் வளர்ந்தால் ஒருவன் என்ன நினைப்பான்?

3

ஜெயசீலன் டோர்ட்முண்ட் நகரத்தில் பதினைந்து வருடம் குளிர்சாதன வேலை செய்தவர். ஜெர்மன் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்து இங்கே ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பெயரில் சின்னச் சின்ன வேலைகள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் அங்கேதான்.

சுவரில் துளை போட்டுக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"வெளிக் குளிருக்க இருந்து சூட்டை எடுத்து உள்ளுக்குத் தரும் அண்ணை."

"குளிருக்க எங்காலை சூடு?"

"இருக்கண்ணை. எங்களுக்குத்தான் அது குளிர். பைப்புக்குள்ள ஓடுற காஸ் அதைவிடக் குளிரா நிக்கும். அப்ப வெளிக்காத்தில இருக்கிற சூடு தானா வந்து அதில ஏறும். ஃப்ரிட்ஜைத் திருப்பி வைச்ச மாதிரி எண்டு வையுங்கோவன்."

ஃப்ரிட்ஜைத் திருப்பி வைத்த மாதிரி. அந்த வசனத்தை அப்படியே மனதில் குறித்துக்கொண்டேன். ஆள் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

பின்வளவில் புல்லின் மேல் இரண்டு சீமெந்துக் கட்டைகளை வைத்து, அதில் வெளிப்பெட்டியைப் பூட்டினார். முன்பக்கம் பெரிய விசிறி, பின்பக்கம் மெல்லிய அலுமினியத் தகடுகள். வேலை முடிந்ததும் ஒரு தாளில் அழகான தமிழ்க் கையெழுத்தில் ஏழு வரி எழுதித் தந்தார். செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை. கேட்காமலேயே எழுதித் தருகிறாரே, பின்னால் தப்புவதற்கு இப்போதே சாக்குத் தயார் செய்கிறார் என்று பட்டது. வாசிக்காமல் பதினோராவது ஃபைலில் போட்டேன்.

போகும்போது தேத்தண்ணீர் குடித்தபடி சொன்னார். "அண்ணை, தமிழ்ப் பள்ளிக்கூட ஹோலுக்கு எட்டுப் பெட்டி பூட்டப் போகினம். என்னட்டையும் விலை கேட்டிருக்கினம். அது கிடைச்சா முதலாளியை விட்டுட்டுச் சொந்தமாத் துவங்குவன். மனுசி பிள்ளையளையும் கூப்பிட்டிடுவன். மூத்தவள் வாற செப்டெம்பர் இஞ்ச பள்ளிக்கூடம் போகலாம்."

"நல்லது, நல்லது" என்றேன். அந்த மண்டபத்துக்கான ஹோல் கமிட்டியில் நானும் ஒருவன். அது தெரிந்துதான் என் வீட்டு வேலையை இவ்வளவு கவனமாகச் செய்தாரோ என்று, அவர் ஓட்டிய வான் தெருமுனையில் திரும்புவதற்குள் ஒரு யோசனை ஓடியது.

4

முதல் மாதம் அறை இதமாக இருந்தது. புனிதா குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டுத் தைத்தாள். எப்போதாவது மெஷின் சற்று நின்றால், என்னிடம் தொற்றிய பழக்கத்தில் அளவுக் கொப்பியின் ஓரத்தில் நேரத்தைக் குறித்து வைப்பாள்.

பிறகு பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெரியவர் மேல்மாடி ஜன்னலில் நிற்கத் தொடங்கினார். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை, பார்வை எங்கள் பின்வளவில். வெளிப்பெட்டியைத்தான் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். சத்தம் என்று கவுன்சிலுக்கு எழுதுவார். கவுன்சில்காரன் வருவான், பெட்டிக்கு அனுமதி எடுத்தாயா என்பான், அப்படியே அறைக்கு அனுமதி எங்கே என்பான். அறைக்கு அனுமதி இருந்தது. நாலாவது ஃபைலில் இருந்தது. ஆனாலும் பயம் பயம்தான்.

அந்தக் கிழமையே கவுன்சிலில் இருந்து ஒரு கடித உறை வந்தது. கதவடியிலேயே நின்று பிரித்தேன். குப்பைத் தொட்டியை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. புனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இது முன்னோட்டம் என்று நினைத்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் நிலையத்தில் சரக்கு வந்திறங்கிச் சும்மா கிடந்த மரத்தட்டுகளைக் கொண்டுவந்து வெளிப்பெட்டியைச் சுற்றி ஒரு கூடு அடித்தேன். மேலே நீலத் தறப்பாள். முன்பக்கம் காற்றுக்கென்று இரண்டு விரல் இடைவெளிகள். ஆணி அடிக்காமல் கொக்கி போட்டேன், வேண்டுமென்றால் கழற்றலாம். ஜன்னலில் இருந்து பார்த்தால் தோட்டச் சாமான் வைக்கும் பெட்டி மாதிரித்தான் தெரியும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

5

இரண்டு நாளில் மெஷின் குணம் மாறியது.

அறைக்குள் சூடாக ஊதிக்கொண்டிருக்கும். திடீரென்று ஊதுவதை நிறுத்தும். ஒரு சின்ன விளக்கு மினுங்கும். வெளியே 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கூட்டின் இடுக்குகளால் வெள்ளையாகப் புகை எழும்பும். ஏழெட்டு நிமிடம் கழித்து மறுபடி உஸ்ஸ், மறுபடி சூடு. அரை மணியில் திரும்பவும் அதே கூத்து. எட்டிப் பார்த்தேன். தகடுகள் முழுக்க வெள்ளை ஐஸ், அப்பாவின் ஐஸ்கிரீம் பெட்டி மாதிரி. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைத்தான் பிரித்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று அந்த இடத்தில் தீர்ப்பு எழுதினேன்.

"உங்கட ஆள் மூச்சு விடுறார்" என்பாள் புனிதா, மெஷின் நிற்கும்போதெல்லாம். அளவு கொடுக்க வந்தவர்கள் மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் கொப்பியை எடுத்தேன். நின்ற நேரம், தொடங்கிய நேரம், வெளியே எத்தனை பாகை, மழையா வெயிலா. வேலைக்குப் போனால் புனிதா எழுத வேண்டும். அவள் முணுமுணுத்துக்கொண்டு எழுதினாள்.

இரண்டு கிழமையில் ஜெயசீலனைக் கூப்பிட்டேன். அவர் வருகிற நாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். கூட்டைக் கழற்றி, கராஜுக்குள் வைத்துவிட்டேன். கூட்டைக் கண்டால் பழியை அதன் தலையில் போட்டுத் தப்பிவிடுவார் என்பது என் கணக்கு. அவருக்கு ஒரு சாக்கும் கிடைக்கக்கூடாது.

ஜெயசீலன் மூன்று மணி நேரம் நின்று பார்த்தார். கருவிகளைப் பொருத்தினார், புல்லில் முழங்கால் போட்டு அடிப்பக்கம் பார்த்தார். அந்த மூன்று மணி நேரத்தில் மெஷின் ஒரே ஒரு தடவை நின்றது. நின்றபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது பழுதில்லை அண்ணை. ஐஸைத் தானே உருக்குது. வெளிக்காத்தில ஈரம் இருக்கெல்லே? தகட்டில பட்டு ஐஸாப் பிடிக்கும். ஐஸ் மூடினாக் காத்துப் போகாது, சூடு எடுக்க ஏலாது. அப்ப மெஷின் கொஞ்ச நேரம் தலைகீழா ஓடும். உள்ளுக்கு வாற சூட்டை வெளியில அனுப்பி ஐஸை உருக்கும். அதுதான் உள்விசிறி நிக்கிறது. நிக்காட்டி அக்காவுக்குக் குளிர்காத்தெல்லே அடிக்கும்? நீங்கள் புகை எண்டு சொன்னது நீராவி."

"ஐஸ் பிடிச்சது அதுக்கு எப்பிடித் தெரியும்? கண்ணிருக்கோ?"

பின்பக்கக் குழாயில் செருகியிருந்த விரல் நுனியளவு செம்புத் துண்டைக் காட்டினார். "இது குழாயின்ர குளிரைப் பாக்கும். உள்ளுக்க போர்ட்டில ஒரு மணிக்கூடு ஓடுது, அது எவ்வளவு நேரம் வேலை செய்தது எண்டு பாக்கும். ரெண்டும் ஓம் எண்டு சொன்னாத்தான் மாறும். ஒரு சாட்சியை வைச்சு மாறாது. பழைய மெஷினுகளில மணிக்கூடு மட்டும்தான். ஐஸ் இருந்தாலும் இல்லாட்டியும் நேரம் வந்தா நிப்பாட்டிப்போடும். இது அப்பிடி இல்லை. குழாய் சூடானதும் தானா நிப்பாட்டும். சூடாகாட்டியும், பத்து நிமிசத்துக்கு மேல இழுத்துக்கொண்டு நிக்காது."

"அப்ப அரை மணிக்கொருக்கா ஏன் நிக்குது?"

அவர் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணை. முன்பக்கம் மட்டும் திறந்தபடி இருக்கட்டும்" என்றார்.

வான் போனதும் கூட்டை மறுபடி கொளுவினேன். அடுத்த நாளே பழையபடி அரை மணிக்கொருக்கா. கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன்: 'அவன் வந்த நாளில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஏதோ செய்துவிட்டுப் போகிறான்.'

6

தமிழ்ப் பள்ளிக்கூட ஹோல் கமிட்டிக் கூட்டம் தை மாதக் கடைசியில் நடந்தது. தலைவர் குணரத்தினம் மாஸ்டர், ஊரில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், ஜெயசீலன் கொடுத்த விலைத்தாளை மேசையில் விரித்தார்.

"தம்பி, உம்மட வீட்டிலயும் இவர்தானே பூட்டினவர். ஆள் எப்பிடி?"

நான் என்ன சொன்னேன் என்பது எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஆள் நல்ல ஆள்தான் மாஸ்டர்... ஆனா, பாத்துச் செய்யுங்கோ."

இவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை, குற்றம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒருவனுடைய வேலையைக் கெடுக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வரும் இடைவெளியில் ஒவ்வொருவரும் தாங்கள் கேள்விப்பட்டதையெல்லாம் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார், தாளை மடித்து அடியில் வைத்தார். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் எனக்கு மனம் நிம்மதியாகக்கூட இருந்தது. சமூகத்துக்கு ஒரு நன்மை செய்த நிம்மதி.

7

மாசி தொடக்கத்தில் அந்தப் பெரிய பனி வந்தது. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பெட்ரோல் நிலையத்துக்குத் திங்கட்கிழமை ஒரு கார்கூட வராது என்று முதலாளியே வேண்டாம் என்றுவிட்டார். பல வருடத்துக்குப் பிறகு ஒரு வேலைநாளில் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம்.

மகள் தாரணிக்கு அப்போது பதினேழு வயது. என்னோடு கதைப்பதைக் குறைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய தொலைபேசி பில்லில் இருந்த இலக்கங்களை நான் ஒருமுறை கொப்பியில் எழுதினேன். அதை அவள் கண்டுவிட்டாள். அதில் இருந்து எங்களுக்குள் 'ஓம்', 'இல்லை', 'ஃபைன்' மட்டும்தான். அன்று அவள் சலிப்பில் தையல் மேசையில் கிடந்த மெஷின் கொப்பியைப் புரட்டினாள்.

"அப்பா, திஸ் இஸ் டேட்டா" என்றாள். குரலில் கேலி இல்லை. கட்டம் போட்ட தாளை எடுத்துவந்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். மத்தியானம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பாருங்கோ. இஞ்ச வரைக்கும் ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் நிண்டிருக்கு. அம்மா அளவுக் கொப்பியில சும்மா எழுதி வைச்சது, நல்லகாலம். பிறகு இஞ்ச இருந்து அரை மணிக்கு ஒருக்கா. கிறிஸ்மஸுக்கு முதல் சண்டே என்ன நடந்தது அப்பா?"

நான் பின்வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பிறகு இந்த ஒரு நாள் மட்டும் திரும்ப ஓகே. சிவப்பில எழுதியிருக்கிறீங்கள். அண்டைக்கு என்ன டிஃப்ரண்ட்?"

அவள் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை. என் கண் போன பக்கத்தைப் பார்த்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். கொக்கியைக் கழற்றித் தறப்பாளை இழுத்தாள். கூட்டுக்குள் வெளிப்பெட்டி இடுப்பு வரைக்கும் ஐஸில் புதைந்து நின்றது.

"விசிறி தள்ளுற குளிர்காத்து வெளியில போகாமத் திரும்ப உள்ளுக்கையே வருது. அதையே திருப்பித் திருப்பிக் குடிக்குது. ஐஸ் பிடிக்காம என்ன செய்யும்?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் பதினோராவது ஃபைலைத் தேடி எடுத்து, ஜெயசீலனின் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போன பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "வெளி... வெளிப்பெட்டியைச் சுற்றி... ஒன்றும்... கட்ட வேண்டாம். முன்பக்கம்... மறைத்தால்... ஐஸ் கூடும்." நிமிர்ந்து, "இதுதான் ஃபர்ஸ்ட் லைன் அப்பா" என்றாள்.

புனிதா தையல் மெஷினை நிறுத்தினாள். "இஞ்சாருங்கோ, அந்த மனுசன்ர ஹோல் வேலை என்னாச்சு?"

நான் அவளுக்கு அதுவரை சொல்லவில்லை. சொன்னேன். அவமானம் என்றால் என்னவென்று அன்று அந்த அறையில் நின்று அறிந்தேன். இரண்டு சாட்சி இல்லாமல் மெஷின்கூட மாறாது. என்னைப் பொய்யன் என்று எழுதிய அதிகாரியைப் பதினேழு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவன், அதையே இன்னொருவனுக்குச் செய்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்.

8

பனிக்குள் நடந்தே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தம்பி, வெள்ளிக்கிழமையே ஒரு இங்கிலீஷ் கொம்பனிக்குக் கையெழுத்து வைச்சாச்சு. நீர்தானே பாத்துச் செய்யச் சொன்னனீர்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஜெயசீலனின் வாடகை அறைக்கும் போனேன். கூட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. புல்லு நாலு பக்கமும் சதுரமா மஞ்சளாக் கிடந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் வரேக்க கழட்டி வைச்சிருக்கிறீங்கள். நீங்கள் மறைச்சதை, உங்கட வீட்டில வைச்சு, நான் எப்பிடி அண்ணை கேக்கிறது? மூத்த ஆள். விளங்கிக்கொள்ளுவீங்கள் எண்டு நினைச்சன்."

ஹோல் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் சொன்னேன். அவர் கட்டிலில் போய் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு பிள்ளைகளின் படம் ஒட்டியிருந்தது. "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் கடைசியில். தேத்தண்ணீர் போடவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

ஆடி மாதம் அவர் திரும்பவும் டோர்ட்முண்ட் போய்விட்டார். மூத்தவள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். போவதற்கு முதல் ஒருநாள் வந்து, நாங்கள் கூப்பிடாமலே, தகடுகளைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். அதற்குள்ளும் ஏதும் இருக்குமோ என்று என் புத்தி ஒரு கணம் தேடியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் தேடியது.

நேற்று அவர் எடுத்தபோது மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்றேன். நல்லது என்றார். பிறகுதான் அந்த இரண்டாவது கேள்வி.

"முன்பக்கத்தில ஒண்டும் இல்லைத்தானே அண்ணை?"

"ஒண்டும் இல்லை."

"உண்மையாத்தானோ?"

அந்தக் கேள்வியை என்னிடம் அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு உச்சியில் ஏறும். நேற்று ஏறவில்லை. அவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது, என் சொல் மட்டும் அவருக்குப் போதாது. நான் பின்கதவைத் திறந்து, செருப்போடு புல்லில் இறங்கி, தொலைபேசியை வெளிப்பெட்டிக்கு நேரே நீட்டிப் பிடித்தேன். அப்போது அது ஐஸ் உருக்கிக்கொண்டு நின்றது. நீராவி எழும்பியது. மேல்மாடி ஜன்னலில் குஜராத்திப் பெரியவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். உஸ்ஸ் என்று காஸ் திரும்பியது, பெரிய விசிறி சுழலத் தொடங்கியது. கை விறைக்கும் வரை பிடித்துவிட்டுக் காதில் வைத்தேன்.

"கேட்டுதோ ஜெயசீலன்?"

"ஓம் அண்ணை. காத்து நல்லாப் போகுது" என்றார். "கதவைச் சாத்துங்கோ, அக்காவுக்குக் குளிரும்."